பீரோவுக்குப் பின்னால் இருந்த மோடம்

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது இரண்டு மாடி வீடு. தரைத்தளமும் முதல் மாடியும் எங்களுக்கு; இரண்டாம் மாடியில் கல்வராயன் மலையிலிருந்து வந்த செல்வி, இரண்டு வயது மகனோடு குடியிருந்தாள். கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் வைஃபையில்தான் தினமும் வீடியோ காலில் பிள்ளைக்கு அப்பாவைக் காட்டுவாள்.

முதல் மாடியில் என் மகளுக்கு நெட் சரியாக வரவில்லை. "நீ ஜாஸ்தி இழுத்துக்கினா எங்களுக்கு எப்பிடி வரும்?" என்று செல்வியிடம் கத்திவிட்டு, பாஸ்வேர்டை மாற்றினேன். அப்போதும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்த மெக்கானிக், "இரும்பு பீரோ பின்னால மோடத்த வச்சிக்கினு இருக்கீங்களே!" என்று, அதைப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினார். மூன்று தளத்திலும் சிக்னல் நன்றாக வந்தது.

பாஸ்வேர்டைச் சொல்ல மேலே ஓடினேன்.

"வேணாங்க்கா. புள்ளையும் அப்பாவப் பாக்கணும்னு கேக்கறத வுட்டுட்டான்," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன், சிரித்தாள். அந்த ஒரு மாதத்தை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?