மாப்பிள்ளை குளிக்கத் தண்ணீர்

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். அந்த வருஷ ஐப்பசியில் எங்கள் மர்பி டவுன் வீட்டில் மின்விசிறி ஒரு நிமிஷம் நிற்கவில்லை. மற்ற வருஷங்களில் அக்டோபர் பிறந்ததுமே பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, "குளிருதில்ல?" என்று தெருவில் எல்லோரையும் விசாரிக்கிற என் கணவர், பனியனோடு வாசல்படியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. எங்கள் போர்வெல் இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போட்டால் பத்து நிமிஷம் இருமிவிட்டு ஓய்ந்துவிடும். குழாயில் எப்போதாவது வருகிற காவேரி, குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் மகள் போன் செய்தாள். ஆனி மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கன்னடக்காரர், அவளோடு வேலை பார்ப்பவர். ஒயிட்ஃபீல்டு பக்கம் பெரிய அபார்ட்மெண்டில் குடியிருந்தார்கள்.

"மா, தலை தீபாவளிக்கு நீயும் அப்பாவும் இங்க வந்துடுங்க. அங்க தண்ணிக் கஷ்டமா இருக்கும். இங்க ஸ்விம்மிங் பூல்கூட இருக்கு."

நான் முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டுப்பாடம் செய்யாமல் பொய் சொல்கிற பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டே அழவைத்திருக்கிறேன். அந்த வாய்தான் சொன்னது:

"யாருடி சொன்னது தண்ணி இல்லேன்னு? இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நீங்கதான் வரணும். அதான் மொறை."

"சரிமா, வரோம்" என்றாள்.

போனை வைத்ததும் கணவர் செய்தித்தாளை மடித்தார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. தீபாவளிக்கு எண்ணி எட்டு நாள்தான் இருக்கு. பொருத்தமாத்தான் புளுகியிருக்கே."

முறை என்று அவளிடம் சொன்னேனே தவிர, என் மனசில் இருந்தது முறை இல்லை. அவள் கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருந்தார்கள். மருதாணிக்கு ஒருத்தி, தலை அலங்காரத்துக்கு ஒருத்தி, புடவை மடிப்புக்கு மட்டும் தனியாக ஒருத்தி. நலங்கு வைக்கும்போதுகூட, முடியில் எண்ணெய் பட்டால் அலங்காரம் நிற்காது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பெற்றவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்ததுதான் மிச்சம். தலை தீபாவளிக்காவது என் வீட்டில், என் கையால் எண்ணெய் வைத்து, அவர்கள் இரண்டு பேரையும் வயிறும் மனசும் குளிரக் குளிக்கவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் நான் உடைந்துபோய்விடுவேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது?

முதலில் தண்ணீர் லாரிக்காரரைக் கூப்பிட்டேன். "மேடம், புக் பண்ணிட்டு பன்னண்டு நாள் வெயிட் பண்றாங்க. ஹப்பத்துக்குள்ள, பண்டிகைக்குள்ள, ஆகாது" என்றார். கெஞ்சினேன். பதிமூன்று நாள் என்றார். போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்த வழி, அல்சூர் ஏரிப் பக்கத்துத் தெருவில் இருந்த குடிநீர் மெஷின். காசைப் போட்டால் ஒரு கேன் நிரப்பிக்கொள்ளலாம். மெஷின் மேல் 'ஒருவருக்கு ஒரு கேன்' என்று மூன்று பாஷைகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பரணில் இருக்கும் செப்பு அண்டாவுக்கு ஆறு கேன் பிடிக்கும். நானும் கணவரும் தினம் ஆளுக்கொன்று பிடித்தால், ஒன்று வீட்டுச் செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு. கணக்கு சரியாக வந்தது. ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தால் வரிசையில் முணுமுணுப்பார்களே என்று, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் நிற்பது என்று முடிவு செய்தோம். முப்பத்தொரு வருஷ தாம்பத்தியத்தில் அவர் என் பேச்சைத் தட்டாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான். எனக்கு ஏழெட்டு ஆள் தள்ளி நின்று, ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏரியிலும் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓரமெல்லாம் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் நான் கேனை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் இருத்திவிட்டுக் கிளம்பும்போது, அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"ஏம்மா, மூடிய விட்டுட்டுப் போறியே. வழியெல்லாம் கொட்டிட்டுப் போகவா?"

வரிசை திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "யாருங்க அது, உங்க வூட்டுக்காரரா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இல்லீங்க. பஸ்ல பாத்திருக்கேன்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தன் குடத்தையே கவிழ்த்துவிட்டார். அதற்குப்பின் மறைத்து என்ன? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலை தீபாவளி, மாப்பிள்ளை, அண்டா எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மாப்ளைக்குன்னா புடிச்சிக்கினு போம்மா, யாரு வேணாங்கறா" என்றார். மறுநாளிலிருந்து நாங்கள் கணவன் மனைவியாகவே நின்றோம்.

வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை மிச்சப்படுத்த வாழையிலையில் சாப்பிட ஆரம்பித்தோம். காலையில் உப்புமாவுக்கு இலை, இரவில் தோசைக்கு இலை. எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் மண்டியாக்காரப் பெண்மணி குப்பைக்கூடையில் தினமும் எச்சில் இலையைப் பார்த்துவிட்டு, "ஏன் அக்கா, மனேல டெய்லி ஃபங்ஷனா?" என்று கேட்டாள். அப்படியே கட்டிலுக்கடியில் வரிசையாக நின்ற கேன்களையும் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவளிடமும் சொன்னேன்.

அவள் என்னைவிட உற்சாகமாகிவிட்டாள். "அளியா வர்றார்னா சும்மா குளிக்க வெச்சா ஆகுமா அக்கா? நீரு தும்புவ ஹப்ப பண்ணுங்க." அளியா என்றால் மாப்பிள்ளை. அவர்கள் வழக்கத்தில் நரக சதுர்த்தசிக்கு முந்தின சாயங்காலம் அண்டாவைத் தேய்த்து, சுண்ணாம்பால் பட்டை போட்டு, புதுத்தண்ணீர் நிரப்பிப் பூஜை செய்வார்களாம். தண்ணீரே இல்லாத வருஷத்தில் தண்ணீர் நிரப்பும் பண்டிகை. மாப்பிள்ளை மனசு குளிருமே என்று நான் உடனே சரி என்றேன். "ஒண்ணு மட்டும் அக்கா, பூஜை ஆன மேல விடியற வரைக்கும் அந்த நீர்ல யாரும் கை வெக்கக் கூடாது. எங்க மனேல அப்பிடித்தான்" என்றாள்.

மற்ற வேலைகளும் கிடந்தன. சீயக்காய் அரைக்க அல்சூர் கடைத்தெரு மெஷினுக்குப் போனால் கரண்ட் இல்லை. ஒரு மணி நேரம் சீயக்காய் நெடியில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையற்காரர் ரவிக்கையை நாளைக்கு என்றார், மறுநாளும் நாளைக்கு என்றார். லேகியத்துக்குச் சுக்கும் ஓமமும் வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பும்போது, தார் ரோடு செருப்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பரணிலிருந்து இறக்கிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தால் அலசத் தண்ணீர் வேண்டும். கணவர் ஒரு பொட்டலம் விபூதியும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு நாள் உலரத் தேய்த்தார். அண்டா பளபளவென்று ஆனது. அவர்தான் சாம்பலாண்டி ஆனார்.

நடுவில் ஒருநாள் மகள் வீடியோ காலில் வந்தாள். "தண்ணி நெஜமாவே வருதாமா?" என்றாள். கணவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், ஒரு சொம்புத் தண்ணீரை உயரத்திலிருந்து பக்கெட்டில் சளசளவென்று ஊற்றினேன். "இரு, பக்கெட் ரொம்பி வழியுது, குழாய மூடிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அதே தண்ணீரைச் சொம்பில் மொண்டு மறுபடி ஊற்றினேன். வெளியே வந்தபோது கணவர் சிரிப்பை அடக்கமுடியாமல் போனைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மகள் "சரிமா" என்று வைத்துவிட்டாள். நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சாயங்காலமும் வந்தது. கொல்லைப்பக்கம் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றி, மாடிப் பெண்மணி சுண்ணாம்புப் பட்டை போட, மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, கேன் கேனாகக் கவிழ்த்தோம். கழுத்துவரை நிரம்பியது. எட்டு நாள் அலைச்சல் அதில் தளும்பியதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பூஜை முடிந்த பிறகுதான் உறைத்தது. இருந்த தண்ணீரை எல்லாம் அதில் கொட்டிவிட்டோம். அதில் கை வைக்கக் கூடாது. குடிக்கிற பானையைத் தவிர வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சரியாக அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாப்பிள்ளை நேரே அண்டா முன்னால் போய் நின்றார். "அத்தே, இது நம்ம ஹப்ப அல்லவா? கீசர் வந்தப்புறம் நம்ம மனேல யாரும் இது பண்றதே இல்ல" என்று, அவர் அம்மாவுக்கு அனுப்ப நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார். கால் கழுவ, குடிக்கிற பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன். அவர் பாதிச் சொம்பில் இரண்டு காலையும் கச்சிதமாகக் கழுவிவிட்டு, மீதியைச் சிந்தாமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். நீச்சல்குளம் இருக்கிற இடத்துப் பிள்ளைக்கு இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். இலை போட வேண்டியிருந்ததால் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

விடியற்காலையில் காய்ந்த தென்னை மட்டைகளை வைத்து அடுப்பு மூட்டினேன். அந்த வருஷம் விறகுக்கு மட்டும் பஞ்சமில்லை. மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைத்து, ஒரு பக்கெட் வெந்நீர் கொடுத்து, "இன்னும் எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். பாதிக்குமேல் அப்படியே இருந்தது. அவர் காதோரம் சீயக்காய் ஒட்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், தண்ணி சரியில்லயா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் காட்டிக்கொடுத்தே விட்டார். "இல்ல அத்தே, பழக்கம் ஆயிடுச்சு. நம்ம அபார்ட்மெண்ட்ல ஒரு மாசமா காலைல அர்த கண்டே, அரை மணிதான் நீர் விடறாங்க. ரெண்டு பேருக்கு ஒரே பக்கெட். பூல் காலி ஆகி அதுல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க."

நான் மகள் பக்கம் திரும்பினேன். முப்பது வருஷக் கணக்கு டீச்சர் குரல் தானாக வந்தது. "அப்புறம் எதுக்குடி என்னை அங்க வரச் சொன்னே?"

"நீ அங்க தண்ணிக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்மா. அப்புறம் மாடி ஆன்ட்டிகிட்ட பேசினேன். நீயும் அப்பாவும் வெயில்ல கேன் தூக்கிட்டு அலையறீங்கன்னு சொன்னாங்க." சத்தியம் வாங்கின லட்சணம் அது. "வேணாம்னு சொன்னா நீ கேக்கவா போறே? நாங்க ரெண்டு பேரும் குளிக்கறதக் கொறச்சு, பாத்ரூம்ல ஏழு பக்கெட் புடிச்சு மூடி வெச்சிருக்கேன். கடைசி நேரத்துல நீ மனசு மாறி வந்தா குளிக்கறதுக்கு. இன்னும் அப்படியே இருக்கு."

"பொய் சொல்ல எங்க கத்துக்கிட்டே?" என்றேன்.

"கொட்டோ கொட்டுன்னு கொட்டற வீட்லதான்" என்றார் கணவர் அடுப்பருகிலிருந்து.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் காட்டாமல், "உக்காரு" என்று மணையைக் காட்டினேன். சின்ன வயசில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே மொட்டை மாடிக்கு ஓடுகிறவள், தானாக வந்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். உச்சியில் எண்ணெய் வைத்து, விரல்விட்டு நிதானமாகத் தேய்த்தேன். சீயக்காய் போட்டேன். பிறகு அண்டாவை மூடியிருந்த தட்டை நகர்த்திவிட்டுச் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். நான் குளிக்க வேண்டும், அவர் குளிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஒவ்வொரு சொம்புக்கும் அவள் "இன்னும்" என்றாள். ஒரு மாசமாக இப்படிக் குளிக்கவில்லையாம். பொழுது விடிந்து தெருவில் சரவெடி கேட்க ஆரம்பித்தது. சொம்பு அண்டாவின் அடியில் தட்டியது.

"தண்ணி தீந்துபோச்சுடி" என்றேன்.

"பரவால்லமா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கைய எடுக்காத. கொஞ்ச நேரம் தலைமேல அப்படியே வெச்சிரு."