வேனில் ஏறாத பெட்டி

கனடாவில் எனக்கு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பிய அன்று, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் பிடித்தது நானும் மனைவியும் மகளும் போகத்தான். ஆனால் எங்கள் நோர்வூட் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒருவன் வெளிநாடு போனால், லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஓர் ஆளாவது வழியனுப்ப ஏறிவிடும். வேண்டாம் என்று எவ்வளவோ கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

பெட்டி ஏற்றும் பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, அவள் பிள்ளைகள், ஒரு கூடை சோற்றுப் பார்சல் என்று வேன் பிதுங்கியது. கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் அக்காவின் கடைக்குட்டி என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தது. வழியில் கண்ட கோயிலுக்கெல்லாம் வேனை நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலையத்தில் இறக்கினால், பெரிய பெட்டியைக் காணோம். எங்கள் குளிர் உடுப்பெல்லாம் அதில்தான்.

"அதுவா? வீட்டுலயே வச்சிட்டேன் தம்பி. அத ஏத்துனா அத்தைக்கு எடமில்ல" என்றார் சித்தப்பா.



"கொண்டுபோற பெட்டிய விட்டுட்டு, வழியனுப்புற ஆளுங்களயா ஏத்திட்டு வந்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

"பெட்டிய பொறவு அனுப்பிக்கலாம் தம்பி. மனுசங்கள எப்படி விட்டுட்டு வர்றது?"

விட்டுவிட்டுப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?