குமிழ் மறைத்த சொல்

எழுத்தச்சின் பள்ளத்தில் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு கை. அது போன வழியிலேயே, மெஷினின் மறுமுனையில், கால்வாசி அளவில், கருப்புத் தகட்டின் மேல் வெள்ளை எழுத்து வெட்டுப்பட்டு வந்தது. இன்னொரு கை துகளைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டது. கடைசி எழுத்து முடிந்தும் கைகள் ஓயவில்லை. தகட்டைத் திருப்பின, சாய்த்தன, கீழே வைத்தன, மறுபடி எடுத்தன.

பெருங்களத்தூரில் புது அடுக்ககங்கள் முளைத்த நாளிலிருந்து பெயர்ப்பலகை வெட்டுகிறவள் மெஹ்னாஸ். மெஷினை அவளாகவே பழகிக்கொண்டாள். 2006இல் வந்த இது வேறு வேலை: பயிற்சி விமானத்தின் காக்பிட்டில் பொருத்தும் எரிபொருள் மீட்டரின் முகப்புத் தகடு. எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று விமானி பறந்துகொண்டே பார்த்து, தேவைக்குமேல் போகாமல் குறைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை சோதனைப் பறப்பு.

மீட்டர் செய்யும் ஐசக் தகட்டை வாங்க வந்தபோது, அவர் கொடுத்திருந்த, விரலால் திருப்பும் குமிழை அதன் நடுவில் மாட்டி, தாழ்வான ஸ்டூலில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"ஓட்றவர் முட்டிகிட்ட வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நாற்காலில குந்திப் பாருங்க. இன்னா தெரியுது?"

ஐசக் உட்கார்ந்தார். குமிழுக்குக் கீழே வெட்டியிருந்த மூன்று சொற்களில் நடுச்சொல்லைக் காணோம். குமிழ் மறைத்திருந்தது.

"குனிஞ்சா தெரியுதேம்மா."

"குனிஞ்சுகினே ஓட்டுவாரா? நாலு தபா குனிவார். அஞ்சாவது தபா போனா போவுதுன்னு வுட்டுடுவார். அப்புறம் இந்த மீட்டர் எதுக்கு சார்?"

ஐசக் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, தப்பு எங்க மேலதான். நீயே எழுத்தை மேல தூக்கி இன்னொண்ணு வெட்டிடு."

"நீங்க குடுத்த படத்துல கீழதான் கீது. கையெழுத்தும் போட்டு கீது. நான் எப்படி மேல வெட்றது? வூட்டு வாசல்ல மாட்ற போர்டா இது? மாத்தி வரைஞ்சு கையெழுத்து வாங்கினு வாங்க."

"எங்க இன்ஜினியர் கையெழுத்துக்கு குரோம்பேட்டை போய்ட்டு வரணும்மா! ட்ராஃபிக்கைப் பாரு."

"அப்ப பேசிகினு நிக்காதீங்க."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். மெஹ்னாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுத் தகட்டை அளவாக அறுத்துத் துளையிட்டாள். வெட்டூசியைக் கழற்றித் தீட்டினாள். தீட்டியதையே மறுபடி தீட்டினாள். டீ ஆறிப்போனது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஜிஎஸ்டி ரோட்டை எட்டிப் பார்த்தாள். அவர் வராமல் போனால், படிக்க முடியாத அந்தத் தகடுதான் நாளை விமானத்தில் ஏறும்.

நாலே காலுக்கு ஐசக் வந்தார், சட்டை நனைந்து. படத்தில் சிவப்பு மையில் திருத்தம், பக்கத்தில் கையெழுத்து, தேதி. அளவுகளை இரண்டு முறை சரிபார்த்த பிறகே அவள் மெஷினைப் போட்டாள். ஐசக் எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார்.

"பக்கத்துல ஆடாதீங்க சார், மேசை அதிருது."

கடைசியில் குமிழை மாட்டி ஸ்டூலில் வைத்தாள். நாற்காலியிலிருந்து ஐசக் மூன்று சொற்களையும் வாய்விட்டுப் படித்தார். விரல் ரேகைகளைத் துணியால் துடைத்து, தகட்டைத் திருத்திய படத்தோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள் மெஹ்னாஸ்.