மேவிஸ் எடுத்த கேமரா

அப்போது மேவிசுக்கு வயது இருபது. தானா ராத்தா மலையூரில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஒரு நாள் விருந்தாளி ஒருவர் மறந்து விட்டுப்போன கேமராவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். படம் எடுக்கவும் தெரியாது, விற்கவும் ஆள் தெரியாது. கையில் வைத்துப் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே மாடியில் அவளோடு வேலை செய்தவள் துளசி. ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அன்று அந்த அறைச் சாவி துளசி பேரில் இருந்தது. மேனேஜர் அவளை மூன்று நாள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். கடைசியில் அவள் அப்பாவை வரவழைத்து, எல்லார் முன்னாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மேவிஸ் பக்கத்து அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் போலீஸ் வந்து வேலையாட்கள் எல்லார் பெட்டியையும் பார்த்தது. கேமரா மேவிஸ் பெட்டியில் கிடைத்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டி வெளியே வந்தாள். அடுத்த வருஷமே அமல்தாஸ் என்பவரைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். துளசிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

அங்கே சர்ச் நடத்தும் பாலர் பள்ளியில் பதினொரு வருஷமாக உதவிக்கு இருந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குச் சட்டை மாற்றுவாள். இந்த வருஷம் தலைமையாசிரியை ஷெர்லி ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நிரப்பிக் குடு லா மேவிஸ். இனிமே நீ நிரந்தர ஆளு."

நடுவில் ஒரு கேள்வி இருந்தது. கோர்ட்டில் தண்டனை பெற்றது உண்டா?

இரண்டு நாள் பாரத்தை மடித்தே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கவுண்டரில் லிங்கேஸ்வரன் என்ற இளம் கோப்ரல் இருந்தார்.

"தம்பி, ஒரு பழைய கேசு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு ரெக்கார்டுல இருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சு அதுவா அழியாது அக்கா. பாரத்துல கேட்டா மறைக்காதீங்க, அதுதான் பின்னால பெரிய பிரச்சினையாகும்." பிறகு சும்மா கேட்பதுபோல், "கேசு உங்க மேல மட்டும்தானா?" என்றார்.

"என் மேல மட்டும்தான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். துளசி மேல் கேசே கிடையாது. அவள் பேரில் எங்கேயும் ஒரு வரிகூட இருக்காது. அப்படியானால் அந்த மூன்று நாள் அவளை எங்கே கொண்டுபோய் விட்டது? இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதை யோசித்தாள்.

பாரத்தில் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தாள். ஷெர்லி படித்துவிட்டுப் பாரத்தை மடித்தார். "சர்ச் கமிட்டியில கேட்டுச் சொல்றேன்," என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் ரிங்லெட்டுக்குப் போனாள்.

துளசி அதே தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. மேவிசைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன்னு கோர்ட்டுல சொன்னியாமே," என்றாள். "இங்க வந்து யார்கிட்டயாச்சும் சொன்னியா? ரெண்டு பேரும் கூட்டுன்னுதான் லயத்துல பேசுனாங்க. பேசி முடிச்ச மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திரும்பி வரவே இல்ல."

"இப்பச் சொல்றேன் துளசி. உங்கப்பாகிட்டயே சொல்றேன்."

"அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுது."

மேவிஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். துளசி அவளை எழுப்பவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. "அம்மா உள்ள இருக்கு. காது கேக்காது. சத்தமா சொல்லணும்," என்றாள்.

மேவிஸ் உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்து சொன்னாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை கத்தினாள்: "கேமராவ நான்தாம்மா எடுத்தேன்! துளசிக்கு ஒண்ணுமே தெரியாது!" பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

கிழவி அவளையே பார்த்தாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "அவங்கப்பாதான் கடைசிவரைக்கும் நம்பல. மககிட்ட முகம் குடுத்துப் பேசவே இல்ல."

துளசி அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை வெளியே வரவில்லை.

பாலர் பள்ளி வேலை மேவிசுக்குக் கிடைக்கவில்லை. இனி உதவிக்குக்கூட வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்ததாக ஷெர்லியே வீட்டுக்கு வந்து, அழுதபடி சொன்னார். மேவிஸ் இப்போது தொழிற்சாலையில் தேயிலைப் பொட்டலம் கட்டுகிறாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவள் அந்தப் பாதையில் வருவதில்லை. ரிங்லெட்டுக்கு இன்னும் இரண்டு தடவை போனாள். துளசி கதவைத் திறந்தாள், தேத்தண்ணி கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மேவிசும் கேட்கவில்லை.