கர்தினாலைப் பார்க்க ஒரு கேமரா

என் தங்கை சேத்தாவின் கணவர் விஸ்தின் தபோனே துறைமுகச் சுங்க அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் முத்திரை குத்தினார். எந்தக் காகிதத்தில் எந்த மூலையில் குத்துவது என்பதை மேலதிகாரி பென்சிலால் வட்டம் போட்டே கொடுத்துவிடுவார். அதனால் வேலையில் இருந்தவரை தானாக ஒரு முடிவெடுக்கும் கஷ்டம் அவருக்கு வந்ததில்லை. வீட்டில் அந்தக் கஷ்டம் வந்தபோதெல்லாம் ஊரைக் கூட்டினார். என் தங்கையைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்க ஆறு வருடம். குளியலறைக்கு ஓடு தேர்ந்தெடுக்க இரண்டு வருடம். இரண்டிலும் கடைசியில் முடிவெடுத்தது சேத்தாதான்.

சேய்துன் ஊரில் எங்கள் வீடுகள் இரண்டும் ஒட்டிக் கட்டியவை. மொட்டைமாடிகளுக்கு நடுவே இடுப்புயரக் கல்சுவர், அவ்வளவுதான். அவர்கள் மாடியில் கம்பிவலை அடித்த கூண்டறை. உள்ளே நாற்பது கேனரிப் பறவைகள். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, எச்சம் சுரண்டுவது, முட்டையை வேகவைத்து மசித்துத் தாய்ப்பறவைகளுக்குக் கொடுப்பது எல்லாம் சேத்தா. கண்காட்சிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு போய்க் கோப்பை வாங்கிவருவது விஸ்தின். வரவேற்பறையில் பத்தொன்பது கோப்பைகள் இருந்தன. அவற்றைத் துடைப்பதும் சேத்தாதான்.

போன வருடம் சிசிலிக்குக் கப்பலேறிப் போய் ஓர் ஆண் கேனரி வாங்கிவந்தார். தலைமுதல் வால்வரை ரத்தச் சிவப்பு. சிவப்பு அங்கி போடும் திருச்சபைப் பெரியவர்களை நினைத்துக் கர்தினால் என்று பெயர் வைத்தார். அது முதல் பரிசு வாங்கியதும் ஊர்ப் பறவை மன்றம் இவரைத் தலைவராக்கியது. பறவை ஜெயித்ததற்கு மனிதருக்குப் பதவி! கர்தினாலின் முதல் மகன்கள் நான்கை நான்கு உறுப்பினர்கள் வாங்கிப்போனார்கள். அடுத்து வரும் குஞ்சுகளுக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

இந்த வருடம் கூண்டறையில் ஒரு மூலையைத் தடுத்துக் கர்தினாலுக்கும் அதன் பெட்டைக்கும் தனியிடம் ஒதுக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் நான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஐந்தாம் நாள் நான்கும் தரையில் செத்துக் கிடந்தன.

விஸ்தின் நேராகப் பேண்டு மன்றத்துக்குப் போனார். எங்கள் ஊரில் திருவிழா வாத்தியக்காரர்களின் இடம் அது. மற்ற நாளில் ஊரார் உட்கார்ந்து குடிக்கும் இடம். நான் அங்கேதான் இருந்தேன். இருபது பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இவன் பூனதான்! நேனுவோட பூனதான் கொன்னுச்சு!"

என் பூனை சுல்தானாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"மச்சான், அது மாடிப்படி ஏறவே மூணு தடவ உக்காந்து மூச்சு வாங்குது. உங்க வலைல என் சுண்டுவிரலே நுழையாது" என்றேன்.

"பூனைக்கு நகம் நீளும்."

"எவ்வளவு நீளும்? உள்ள போயி, குஞ்ச எடுத்து, கடிச்சுக்கூடப் பாக்காம கீழ வச்சிட்டுத் திரும்பி வர்ற அளவுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. "நிரூபிக்கிறேன். கேமரா வைக்கிறேன்" என்றார்.

சேத்தா அன்று மாலையே அவரிடம் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "கேமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம் விஸ்தின். குஞ்சு பொரிச்சதும் ஆணப் பிரிச்சு வை. சில ஆணுங்க அப்பிடித்தான் பண்ணும்."

"கர்தினாலா? அதோட வம்சம் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதோட எச்சத்தையும் தெரியும். நான்தான அள்ளுறேன்."

கேட்டால்தானே! ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கக் கேமரா தேர்ந்தெடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கேமராக்களின் பெயர்களை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். பறவை மன்றத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் நடந்தது. படம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாத கிழவர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். "ஃபோர் கே இல்லாமப் பாக்குறதும் பாக்காம இருக்குறதும் ஒண்ணு" என்றார் ஒருவர். ஃபோர் கே என்றால் என்ன என்று கேட்டேன். "அது இருக்கு" என்றார்.

மன்றத்தில் ஒரு வேட்டைக்காரர் முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமராவை இரவல் கொடுத்தார். வானத்தில் போகிற பருந்தைப் பிடிக்கிற லென்ஸ். கிட்டத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. தெளிவு கிடைக்கும்வரை விஸ்தின் பின்னால் பின்னால் நடந்தார். சுவர் ஏறி என் மாடிக்கு வந்தார். என் தண்ணீர்த் தொட்டியில் முதுகு முட்டி நின்றார்.

"இப்ப தெரியுதா மச்சான்?" என்று கேட்டேன்.

"தெரியுது. வலை நல்லாத் தெரியுது."

அடுத்து, கடைவாசலில் திருடனைப் பார்க்க மாட்டுகிற வெள்ளைக் குண்டுக் கேமரா. அதைக் கூண்டறைக்கு வெளியே மாட்டினார். அதுவும் வலையைத்தான் பார்த்தது. பின்னால் பறவைகள் சிவப்புக் கறையாக அசைந்தன. பொழுது சாய்ந்தால் அதன் விளக்கொளி வலையில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளையாகிவிடும். அது தெளிவாகக் காட்டியது ஒன்றைத்தான்: எதிர்வீட்டு விதவை ஜீசாவின் துணிக்கொடி.

"என் உள்பாவாடய ஊருக்குக் காட்டவா மாட்டிருக்க?" என்று ஜீசா பால்கனியிலிருந்து கத்தினாள். "ரிட்டயர்டு ஆனா மூளையும் ரிட்டயர்டு ஆயிருமா?"

அதைக் கழற்றிவிட்டு, கூண்டறைக்கு உள்ளேயே வைக்கிற கம்பியில்லாக் கேமரா ஒன்று வாங்கினார். எங்கள் வீட்டுக் கல்லின் கனத்துக்குக் கீழ்த்தள வைஃபை மாடிக்கு ஏறவில்லை. சிக்னலை மேலே ஏற்ற ஒரு பெட்டி வாங்கினார். கேமரா வேலை செய்யத் தொடங்கியது. ஏதாவது அசைந்தால் கைபேசியில் ஒரு பெண்குரல், "அசைவு தெரிகிறது" என்று சொல்லும். நாற்பது கேனரி இருக்கிற கூண்டில் எதுதான் அசையாது? அந்தக் குரலை நிறுத்தும் வழி அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு. பாதிரியார் சிலுவைப் பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறார். ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் நிறுத்துகிறார். கோயிலே முழந்தாளிட்டு மௌனமாக இருக்கிறது. மூன்றாம் வரிசையிலிருந்து குரல்: "அசைவு தெரிகிறது."

பாதிரியாரே ஒலிவக் கிளையால் முகத்தை மறைத்துக்கொண்டார். விஸ்தின் சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவத் துழாவ அது இன்னும் மூன்று தடவை சொல்லிற்று. சேத்தா எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாளே அந்தக் கேமராவைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார்.

அதே வாரம் கர்தினாலின் இரண்டாவது ஈட்டில், அதாவது அடுத்த முறை முட்டையிட்டுப் பொரித்த ஐந்து குஞ்சுகளும், தரைக்கு வந்தன. இவர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். அவை செத்துக்கொண்டே இருந்தன.

வழி காட்டியது சாக்கடை. ஈஸ்டர் முடிந்து சேத்தாவின் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் ஸாரேன் வந்து, நீளமான கேபிளின் நுனியில் விரல் பருமனுள்ள கேமராவைக் குழாய்க்குள் விட்டுச் சின்னத் திரையில் பார்த்தார். சேத்தா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு கிட்டத்துல தெளிவாத் தெரியும், ஸாரேன்?"

"நாலு விரல் தூரத்துல எலி மீசைய எண்ணலாம்க்கா."

"சத்தம் போடுமா?"

"சாக்கடை போடுற சத்தந்தான்."

அவள் அதேபோல ஒன்று வாங்கினாள். கேபிளைக் கைபேசியில் சொருகினால் போதும், படமும் வரும், பதிவும் ஆகும். புதுப் பொருளைப் பார்த்துப் பெட்டை மிரளக்கூடாது என்று, மூன்று நாள் கூட்டுக்கு மேலே ஒரு பாட்டில் தக்கையைக் கட்டித் தொங்கவிட்டாள். பழகிய பிறகு தக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவைக் கட்டினாள். இந்த மூன்று நாள் யோசனை விஸ்தினின் நோட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"சாக்கடை பாக்குறத வச்சு கர்தினாலப் பாக்குறதா!" என்று அவர் கொதித்தார்.

"நீ கோயில்ல பாத்தது போதும்" என்றாள் சேத்தா.

மே மாதம் மூன்றாவது ஈட்டில் நான்கு குஞ்சுகள். ஐந்தாம் நாள் காலை பத்து மணி. மாடியில் துணி துவைக்கும் அறையில் சேத்தா, விஸ்தின், நான், மூவரும் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டை தீனி தின்ன இறங்கியது. கர்தினால் வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு குஞ்சுக்கு ஊட்டியது. விஸ்தின் என் விலாவில் இடித்தார்: "பாத்தியா? அப்பன்டா!"

அடுத்த குஞ்சின் முதுகுத் தூவியை அது பிடுங்கியது. பிறகு சிறகைக் கவ்வித் தூக்கி வெளியே எறிந்தது. இன்னொன்றையும் எறிந்தது. விளிம்பில் நின்று பாடத் தொடங்கியது.

சேத்தா அதற்குள் கூண்டறைக்கு ஓடியிருந்தாள். கீழே விழுந்த இரண்டும் பிழைக்கவில்லை. கூட்டில் மிச்சமிருந்த இரண்டைக் காப்பாற்றினாள். கர்தினாலைப் பிடித்துத் தனிக்கூண்டில் அடைத்தாள்.

விஸ்தின் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "சாக்கடைக் கேமரா அப்பிடித்தான் காட்டும்" என்றார். சேத்தா திரும்பி வந்ததும், தாழ்ந்த குரலில், "சேத்தா, வெளிய சொல்லிராத. பதினோரு பேரு காத்திருக்காங்க" என்றார்.

அவர் வாயை மூடியிருந்த அந்த வாரத்தில்தான் இன்னொன்று நடந்தது. கர்தினாலின் மகன் ஒன்றை வாங்கியிருந்த இந்த்ரீ என்பவர் வீட்டிலும் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன. தலைவரே பூனை என்று சொல்லிவிட்டாரே! இந்த்ரீ மத்தி மீனில் விஷம் தடவிச் சந்தில் வைத்தார். ஜீசாவின் பூனை அதைத் தின்று, அவள் வாசற்படியிலேயே நுரை தள்ளிச் செத்தது. அந்த வீட்டில் அவளோடு இருந்த ஒரே உயிர் அது.

ஞாயிற்றுக்கிழமை பறவை மன்றம் கூடியது. விஸ்தின் எழுந்து, கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை என்றும், பூனையாகத்தான் இருக்கும் என்றும், எல்லாரும் வலையைச் சரிபார்க்க வேண்டும் என்றும் பேசினார். பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. சேத்தா வந்தாள். நேராக மேசைக்குப் போய்க் கைபேசியை நிமிர்த்தி வைத்து ஓடவிட்டாள். கிழவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சுற்றிக் குனிந்தார்கள். குஞ்சு எறியப்படுவதை எல்லாரும் பார்த்தார்கள். பாட்டையும் கேட்டார்கள்.

இந்த்ரீ மட்டும் எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

மற்றவர்கள்? ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சேத்தா, படம் என்னமா இருக்கு! இது என்ன கேமரா?"

"எங்க கெடைக்கும்?"

"இது ஃபோர் கேயா?"

சேத்தா கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விஸ்தின் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். "சொல்றேன், சொல்றேன். கூட்டுக்குக் கேமரா வாங்குறப்ப முதல்ல பாக்க வேண்டியது, கிட்டத்துல தெளிவு..." என்று ஆரம்பித்தார். அவரை யாரும் தலைவர் பதவியிலிருந்து இறக்கவில்லை. இன்று தீவின் தெற்குப் பாதியில் கூண்டுக்குக் கேமரா வாங்குகிறவர்கள் அவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். தக்கை கட்டிப் பழக்கும் வித்தையையும் தன் யோசனை என்றே சொல்கிறார்.

இந்த்ரீ மறுநாள் ஒரு தட்டு நிறையச் சூடான பஸ்திட்சி வாங்கிக்கொண்டு ஜீசா வீட்டுக் கதவைத் தட்டினார். பூனைக்குப் பாலாடைக்கட்டிப் பலகாரம் ஈடு! அவள் தட்டை வாங்கி, மாடியேறி, பால்கனியிலிருந்து ஒவ்வொன்றாக அவர் தலையைக் குறிபார்த்து எறிந்தாள். இரண்டு பட்டன.

கர்தினால் இப்போது கோப்பைகளுக்குப் பக்கத்தில் தனியாகத் தொங்குகிறது. பிழைத்த இரண்டு குஞ்சுகளின் காலில் சேத்தா, வளர்த்தவர் என்று தன் பெயர் பொறித்த வளையம் வாங்கிப் போட்டாள். நவம்பர் கண்காட்சியில் ஒன்றுக்கு மூன்றாம் பரிசு. பரிசு வாங்கப் போக விஸ்தின் கோட்டைத் தேடியபோது, "நானே போறேன், நீ வீட்டப் பாத்துக்க" என்றாள்.

கண்காட்சி முடிந்த வாரம், அவள் முட்டை மசித்துக்கொண்டிருக்க, நான் சுவரில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணே, நீ தினமும் பத்து மணிக்கு இங்கதான நிக்கிற. ரெண்டாவது ஈடு போனப்பவும் நின்னியே. நீ எதுவுமே பாக்கலயா?"

பார்த்தேன். குருத்தோலை வாரத்தில், இதே இடத்தில், கையில் கோப்பையோடு, கர்தினால் ஒரு குஞ்சை வெளியே எறிவதைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் எத்தனை கேமரா வாங்குகிறார் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றே சொல்லியிருந்தால் அந்த ஐந்தில் சில பிழைத்திருக்கும். ஜீசாவின் பூனையும் இருந்திருக்கும்.

"இல்லியே" என்றேன்.

சேத்தா என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி, அந்தக் கிண்ணத்த எடு" என்றாள்.