சித்தப்பா நடித்த ஆறு விநாடி

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் முகம் காட்டிய ஒரே ஆள் என் சித்தப்பாதான். மொத்தம் ஆறு விநாடி. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. தியேட்டரில் விரல் மடக்கி எண்ணியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் மேனேஜர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ் பேசுவோம், வாசல்படி தாண்டினால் மலையாளம். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணமான ஐந்தாம் மாதம் லண்டனுக்கு வேலைக்குப் போனார். சித்தி எங்களோடு இருந்தாள். விசா கிடைத்ததும் அவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தப் பேச்சு இரண்டரை வருடமாக நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பா போன் செய்வார். முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு நான் என்று பேசி முடித்து ரிசீவர் சித்தியின் கைக்குப் போகும்போது, நாங்கள் மூன்று பேரும் அதே அறையில் நின்றுகொண்டிருப்போம். சித்தி "ஆங்", "செரி", "சாப்பிட்டாச்சு" என்று மூன்று வார்த்தை பேசி வைத்துவிடுவாள். அவளுக்குப் பேச வராது என்று நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு அங்கே கவுன்சிலில் வேலை. அப்படித்தான் போனில் சொன்னார். கவுன்சில் என்றால் நம் ஊர் கார்ப்பரேஷன் மாதிரி என்று அப்பா விசாரித்துத் தெரிந்துகொண்டார். லண்டன் கார்ப்பரேஷனில் உத்தியோகம் என்று கடையில் சொன்னார். அந்தச் செய்தி தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டும்போது சித்தப்பா அதிகாரி ஆகியிருந்தார். சித்தப்பா ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு எல்லோரும் போனோம். பெரிய கதாநாயகன் நடித்த படம். லண்டனில் எடுத்த பாட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பாவே டிக்கெட் எடுத்துவந்திருந்தார். தம்பி இருக்கும் ஊரைக் காசு கொடுத்துப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு வந்தது. ஓர் ஆறு, அதன் கரையோரம் நடைபாதை, பின்னால் ஒரு பாலம். கதாநாயகன் நீளமான தோல் கோட்டும், கதாநாயகி மெல்லிய மஞ்சள் சேலையும் அணிந்து ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றைப் பிடித்தபடி, இன்னொரு கையில் நீளமான துடைப்பத்தோடு நின்றிருந்தார். வேடிக்கை பார்க்கிறவராகத் தலையை இடது பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தலைச் சாய்ப்பு எனக்குத் தெரியும். நான் நாற்காலி மேல் ஏறி நின்று, "சித்தப்பா!" என்று கத்தினேன்.

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் கை என் தோளை அழுத்தி உட்காரவைத்தது. வழக்கமாக அப்பா தியேட்டர் வாசலில் ஆரம்பித்து வீடு வரும்வரை கதையில் உள்ள ஓட்டைகளைச் சொல்லிக்கொண்டே வருவார். அன்று படத்தில் ஓட்டையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"அது வேற ஆரோ," என்றார் அப்பா. "அவனுக்கு ஆபீஸ் உண்டுல்லா. அவன் எதுக்கு ரோட்டுல நிக்கான்?"

அம்மா விளக்குப் போடப் போனாள். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டே, "அது அவ்வோ இல்ல மக்ளே," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்பாவுக்குச் சினிமா பார்க்கப் பிடிக்கும், சினிமாக்காரர்களைப் பிடிக்காது. பெரியப்பா மகன் ஒருவன் நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவனோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். ஆகவே சித்தப்பா யாருக்கும் தெரியாமல் சினிமாவில் நடித்திருக்கிறார், வீட்டில் எல்லோரும் அதை மூடிமறைக்கிறார்கள். அவருக்குத் தெருக் கூட்டுகிறவர் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வேஷம்தான். ஆனால் துடைப்பத்தை எவ்வளவு இயல்பாகப் பிடித்திருந்தார்!

இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் உட்காரும் தோழியும் படம் பார்த்திருந்தாள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது தூப்புகாரனல்லே?" என்று மலையாளத்தில் கேட்டாள். தெருக் கூட்டுகிறவன்தானே என்று கேட்கிறாள். படத்தில் போலீஸாக வரும் கதாநாயகன் மட்டும் நிஜமாகவே போலீஸா, நடிக்கிறவர்கள் எந்த வேஷமும் போடுவார்கள் என்று நான் மலையாளத்திலேயே விளக்கினேன். நியாயம்தான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னாள். அவளுடைய அப்பா பாத்திரக் கடைக்கு வந்தபோது, தம்பி சினிமாவில் நடிக்கிறாராமே என்று என் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அடி விழும் என்று எதிர்பார்த்துப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மக்ளே, இனி இத ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. சித்தப்பா வந்தா அவன்ட்டயும் கேக்கப்பிடாது. செரியா?"

குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. அடித்திருந்தால் அழுது முடித்து மறந்திருப்பேன். அந்த மெதுவான குரலுக்குப் பயந்து சரி என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கரமனையில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, சித்தி என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். பிள்ளையாரை வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி. நேராகத் தியேட்டருக்குப் போனோம். உள்ளே போகும்முன் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் சொல்லாதே என்று அவள் சொல்லவேயில்லை, ஆனாலும் நான் சொல்லவில்லை. முறுக்குக்கு நான் காட்டிய மரியாதை அது.

படத்தின் முதல் பாதி முழுக்கச் சித்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். சிரிப்புக் காட்சிகளில் தியேட்டரே சிரிக்க, அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு தொடங்கியதும் முன்னால் குனிந்து, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் விரல் மடக்கினேன். ஆறாவது விரலில் சித்தப்பா முகத்தைத் திருப்பினார். பாட்டு முடிந்ததும் சித்தி எழுந்துவிட்டாள். சண்டைக்காட்சி வரப்போகிறது என்று கெஞ்சினேன். "அதான் பாத்தாச்சுல்லா," என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

அப்படி இன்னும் இரண்டு தடவை போனோம். அதில் ஒரு தடவை, அந்த ஆறு விநாடி முடிந்த பிறகும் சித்தி சீட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. இருட்டில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தக் குளிர்ல இப்பிடி வெளிய நிக்கணுமா?"

திரையில் கதாநாயகி மெல்லிய சேலையில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் பாவமாக இருந்தது. ஷூட்டிங் முடிந்ததும் உடனே கோட்டுக் கொடுத்துவிடுவார்கள், கவலைப்படாதே என்று சித்தியின் காதில் சொன்னேன். சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியவள் ஒருத்தியைத் தேற்றிவிட்ட பெருமையில் மிச்ச முறுக்கையும் நானே தின்றேன்.

ஐந்தாவது தடவை போனபோது படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. சித்தி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நிஜமாகவே கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம்.

இப்போது நான் வேலை விஷயமாக வருடத்துக்கு ஒரு தடவையாவது லண்டன் போகிறேன். சித்தப்பாவும் சித்தியும் ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அங்கேதான் தங்குவேன். போன நவம்பரில் அந்த ஆற்றங்கரைக்குத் தனியாகப் போனேன். சினிமாவில் பார்த்த இடங்களை நேரில் பார்த்தால் சின்னதாகத் தெரியும் என்பார்கள். இந்த இடம் அப்படி இல்லை, படத்தில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. காது வலித்தது, விரல்கள் மரத்துப்போயின. அங்கே அடிக்கிற காற்று அவ்வளவு குளிர் என்பது அந்தப் பாட்டில் தெரியவே தெரியாது. கதாநாயகனின் தோல் கோட்டு பட்டன் போடாமல் பறந்துகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

படம் வந்த மறுவருடம் சித்தப்பா ஒரு மாத லீவில் வந்தார். உள்ளங்கைகள் மரப்பலகைபோல் ஆகியிருந்தன, உடம்பு பாதியாகியிருந்தது. எனக்குச் சாக்லேட்டும் படம் வரைகிற பென்சில்களும் கொண்டுவந்திருந்தார். அக்கம்பக்கத்தார் வந்து உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தால், அவர் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். சித்தப்பா தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நான் கொடுத்த வாக்குப்படி எதுவும் கேட்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படம் தொடங்கியது. பெயர் போடும்போதே அப்பா நிமிர்ந்தார், அம்மா அவரைப் பார்த்தாள். சித்தப்பா கடலைத் தோலை உரிப்பதை நிறுத்தினார். ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்ற யாராலும் முடியவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினோம் என்றாகிவிடும். எல்லோரும் அசையாமல் பாதிப் படம் பார்த்தார்கள்.

பாட்டு வரப்போகிற நேரம். அடுக்களையிலிருந்து சித்தியின் குரல் கேட்டது. "இஞ்சோட்டு ஒண்ணு வாருங்க. குழாய் அடஞ்சு கிடக்கு."

சித்தப்பா ஓடாத குறையாக எழுந்து போனார். அப்போதுதான் நான் அந்தக் குழாயில் கை கழுவிவிட்டு வந்திருந்தேன். தண்ணீர் நன்றாகவே வந்தது. பாட்டு தொடங்கியது. அப்பா மின்விசிறியைப் பார்த்தார், அம்மா வாசலைப் பார்த்தாள். நான் மட்டும் திரையில் சித்தப்பாவைப் பார்த்தேன். ஆறு விநாடியும் வந்து போயிற்று. எனக்குக் கோபம் பொங்கியது. நடித்த ஆளே பார்க்கவில்லை. நாலு தடவை பார்த்த சித்திக்கு, அவரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று தோன்றவில்லையே.

பாட்டு முடிந்த பிறகு சித்தப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு வாக்கு மறந்துவிட்டது.

"சித்தப்பா, நீங்க நல்லா நடிச்சிருக்கிய," என்றேன்.

அப்பா "ஏ பிள்ளே" என்று தொடங்கி நிறுத்தினார். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எப்பம் பாத்தே, மக்ளே?"

"தியேட்டர்ல. நாலு தடவ."

"ஆரு கூட?"

"ஒரு தடவ எல்லாரும் போனோம். பெறவு நானும் சித்தியும். சித்தி அந்தப் பாட்டு மட்டுந்தான் பாப்பா. முடிஞ்ச உடனே எந்திரிச்சு வந்துருவோம்."

சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் சித்தி நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பார்த்த உடனே அவள் உள்ளே போய்விட்டாள். சித்தப்பா மெல்ல எழுந்து அடுக்களைக்குப் போனார். அப்பா ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் கடைக்குக் கிளம்பினார்.

குழாய் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று பார்க்க நானும் அடுக்களைப் பக்கம் போகப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இன்னொரு கையால் ரிமோட்டை எடுத்து டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு இன்னும் கூட்டினாள். டி.வி.யைக் குறை, காது போகிறது என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் அவள். திரையில் சோப்புத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் அம்மா ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.