விட்டுக்கொடுக்கும் நிழல்

வெள்ளிமலை ரோட்டில் அறுவடைக் காலத்தில் அறுத்த சாமைத் தாளைக் கதிரோடு தார் மேலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் வேனும் ஏறி ஏறி மணி தானாக உதிர்ந்துவிடும். மலையில் வண்டி ஓட்டும் எவனுக்கும் ஒன்று தெரியும்: தாளைக் கண்டால் பிரேக்கைத் தொடக் கூடாது, வண்டியை நேராக விட்டுவிட வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு பைக் சறுக்கிவிடுமோ என்று பயந்தேன். பயந்ததால் பிரேக் பிடித்தேன். பிடித்ததால் சறுக்கியது.

எனக்கு முழங்காலில் தோல் போனதோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சானின் இடது கை வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அதனால் மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மில்லுக்கு இறங்கும் பிக்கப் வண்டிக்கு அவன்தான் டிரைவர். கட்டுப் பிரித்தபோது அவனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்குச்சி மாதிரி நின்றன. விரலுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

என்ன வேலை கொடுப்பது என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது.

எட்டாவதோடு நான் பள்ளியை விட்டவன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பயந்துபோய்ப் படுத்துக்கொண்டேன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மச்சானும் கூடவே நின்றுவிட்டான். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கேம் கடை இருந்தது. அங்கேதான் அந்தச் சண்டை கேமை முதலில் பார்த்தோம், அப்போது அதன் மூன்றாம் பாகம். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பது கடைச் சட்டம். மச்சான் பாய்ந்து பாய்ந்து அடிப்பான். நான் அடிக்கவே மாட்டேன். ரிமோட்டில் பின்பக்கம் அழுத்திப் பிடித்தால் கேமில் நம் ஆள் கையைத் தூக்கித் தடுத்துக்கொள்வான், அதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "நீ ஜெயிக்கறதுக்கு ஆட மாட்ட மாப்ள, அடி வாங்காம வூடு போய்ச் சேரத்தான் ஆடுற" என்பான். அது உண்மைதான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தடுப்பு.

இப்போது நான் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். போர்டு போய்விட்டது என்று ஒருவர் ஒதுக்கிப்போட்ட கேம் பெட்டியை மலிவாக வாங்கி, ஓய்ந்த நேரங்களில் நோண்டி உயிர் கொடுத்து வைத்திருந்தேன். அதில் அந்த கேமின் புதிய பாகத்தை ஏற்றினேன். மலையில் அவ்வளவு பெரியதை இறக்க நெட் கிடையாது, அதனால் இங்கேயே எல்லாம் முடித்து, துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மேலே மச்சான் வீட்டுக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் ஏதாவது ஆடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கோழிக்குஞ்சா என்று கேட்டார்.

முதல் ஞாயிறு மச்சானால் ஆளை முன்னால் நடத்தவே முடியவில்லை. ஆளை நகர்த்துவது இடது கட்டைவிரல். அவன் விரலைத் தூக்குவதற்குள் ஆள் பின்னால் நகர்ந்து சுவரோரமாகப் போய் நிற்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன். மூன்றாம் ஞாயிறு கொஞ்சம் நகர்ந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தடுப்பை விட்டேன். கடைசி ரவுண்டு, அவனுக்கு உயிர் நூலளவு. நான் கட்டைவிரலை மெல்ல எடுத்துவிட்டேன். என் ஆள் கையைத் தொங்கவிட்டு நின்றான், அவன் குத்து விழுந்தது. மச்சான் எழுந்து நின்று கத்தினான். உள்ளே அடுப்பில் இருந்த மாமியார் ஓடி வந்து, "கை வந்துடிச்சா?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காக அடுத்த எல்லா ஞாயிறும் தோற்றேன்.

பொங்கல் நெருங்கியது. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் மச்சான், "பொங்கல் முடிஞ்சதும் வண்டி எடுக்கறேன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"கியர் இடது கையாச்சே மச்சான்."

"உன்னோட தடுப்பையே ஒடைக்குது இந்தக் கை. கியர் போடாதா?"

பஸ்ஸில் இறங்கி வரும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். லோடு ஏற்றிய வண்டி, இறக்கம், சரியான நேரத்தில் விழாத கியர். கீழே வந்து சேர்வதற்குள் அந்த வண்டி என் மனதில் நாலைந்து தடவை பள்ளத்தில் விழுந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும். சொன்னால், பொய்யாகத் தோற்று ஏமாற்றினாயா என்பான். கையை ஒடித்ததும் நீ, இதுவும் நீ என்பான். அந்த வாரம் முழுக்க நான் திறந்த போன்களில் இரண்டுக்கு ஸ்க்ரூ மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சொல்லியே தீர்வது என்று போனேன். அவன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

"வா மாப்ள. உன் நெழலு கூடத்தான் ஒரு வாரமா ஆடிக்கினு இருக்கேன்."

இந்தப் புதிய பாகத்தில் அப்படி ஒன்று உண்டு. நாம் ஆடுவதைக் கவனித்துக் கவனித்து, நம்மைப் போலவே ஆடும் ஒரு நிழலை அது செய்துவைத்துக்கொள்ளும். ஆள் இல்லாதபோது அந்த நிழலோடு ஆடலாம். அதைக் காட்டிக் கொடுத்ததே நான்தான்.

"எப்படி ஆடுது?" என்றேன்.

"உன்ன மாதிரியே பயந்தாங்கொள்ளி. கைய கீழ எறக்கவே மாட்டேங்குது. ஆனா என் உசுரு போவப்போற நேரம் வந்தா மட்டும் கைய தொங்க வுட்டுட்டு நிக்குது. மெஷினு கோளாறுன்னு நெனச்சேன். நேத்து கடேசி ரவுண்டுல அடி வாங்கினு போய் சும்மா நின்னேன், பட்டனையே தொடல. அதுவும் நின்னுடிச்சி. டைம் முடியற வரிக்கும் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு நின்னோம்."

அப்போதுதான் டிவியை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"எத்தினி வாட்டிடா?"

"எல்லா வாட்டியும்."

"இன்னாத்துக்கு?"

"பயந்தான் மச்சான்."

"உன் பயத்துக்கு நான் வண்டியோட பள்ளத்துல போவணுமா? அன்னிக்கி பிரேக்க புடிச்ச, இன்னிக்கி பிரேக்க வுட்டுட்ட. எங்க புடிக்கணும் எங்க வுடணும்னே தெரியாதா உனக்கு?"

மாமியார் உள்ளேயிருந்து, "பொட்டிக்குள்ள போடற சண்ட பத்தாதா? வெளியில வேற போட்டுக்கினு" என்று அதட்டினார்.

மச்சான் இரண்டாவது ரிமோட்டை எடுத்து என் மடியில் போட்டான். "இப்ப நெசமா ஆடு. வுட்டுக்கொடுத்த, வூட்டுப்படி ஏறாத."

நெசமாக ஆடினேன். தடுத்தேன், அவன் களைத்ததும் அடித்தேன். ஏழு ஆட்டம், ஏழிலும் அவன் விழுந்தான். முன்னால் பாய விரல் வரும், பின்னால் இழுக்கும்போது அரை நொடி தாமதம். அந்த அரை நொடியை இத்தனை ஞாயிறும் நான் மூடி வைத்திருந்தேன். இப்போது இரண்டு பேருமே பார்த்தோம். ஏழாவது ஆட்டத்தில் மட்டும் ஒரு ரவுண்டு அவனுக்குப் போனது.

"இது?" என்றான்.

என் விரலை நானே ஒரு தடவை விசாரித்துக்கொண்டேன். "இது நெசம். நான் மேல தடுத்தேன், நீ கீழ காலுக்கு அடிச்சிட்ட."

அவன் கொஞ்ச நேரம் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகு, பொங்கலுக்குப் பிறகு எடுக்கச் சொல்லி முதலாளி கொடுத்திருந்த பிக்கப் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான்.

"போற வழியில மொதலாளி வூட்டுல குடுத்துடு. இன்னும் ரெண்டு மாசம் ஆவும்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு, நீ சொல்லு. பொய் சொல்றதுல நீதான் பெரிய ஆளாச்சே, நெசத்தையும் சொல்லிப் பாரு."

சிரித்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. டிவியில் என் பழைய நிழலை அவனே அழித்தான். "புதுசா கத்துக்கட்டும்" என்றான்.

சாவியைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முதலாளிக்குக் கோபம்தான், ஆனால் பிக்கப்பை வேறு ஆள் ஓட்டினான். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் போனேன், தவறாமல் ஜெயித்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது, இனி வராதே என்று சொல்லிவிடுவானோ என்று யோசித்துக்கொண்டே வருவேன்.

போன வாரம் கடையில் வேலையாக இருந்தபோது அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மேட்டு வளைவுக்கு வந்தால்தான் அவனுக்கு டவர் கிடைக்கும். மூச்சு வாங்கியது, நடந்தே ஏறியிருக்க வேண்டும்.

"மாப்ள, உன் நெழலு இன்னிக்கி என்ன பன்னெண்டு வாட்டி அடிச்சி போட்டுடிச்சி. ஈவு இரக்கமே இல்ல அதுக்கு. பதிமூணாவது நான் ஜெயிச்சேன். அது கைய தொங்க வுடல, நல்லா பாத்தேன். ஞாயித்துக்கெழம வா."

ரிப்பேருக்குப் பிரித்திருந்த போனை மேசையில் வைத்துவிட்டு, அவன் மெசேஜை இன்னொரு முறை கேட்டேன்.